சோக்கை அறைக்கு வெளியே வையுங்கள்

புதுச்சேரியில் வெயிலுக்கு என்ன பஞ்சம், எதற்கு அறைக்குள் லைட் போட்டுச் செடி வளர்க்கிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. நான் வளர்ப்பது லெட்டூஸ். சாலட்டில் போடுகிற அந்த இலைக்கோசு வகைதான், இங்கே பீச் ரோடு பக்கம் இருக்கிற சின்னச் சின்ன உணவகங்கள் தினமும் கேட்டு வாங்குகின்றன. அது குளிர்ச்சியில் வளர்கிற இனம். வெப்பம் 28, 30 டிகிரியைத் தாண்டினால் தண்டு விட்டுப் பூக்க ஓடிவிடும், இலை கசந்துபோகும். மொட்டை மாடியில் நெட் கட்டி இரண்டு வருடம் முயற்சி செய்து, மார்கழி தையில் மட்டும் நல்ல இலை பார்த்தேன். அப்புறம்தான் ரெயின்போ நகர் வீட்டு மாடியில் ஒரு அறையை அடைத்து, ஏசி போட்டு, 2022இல் உள்ளே விளக்கு வைத்தேன்.

விளக்கு என்று சொன்னால் எல்லோரும் பல்பைத்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எந்த டியூப், எத்தனை வாட், என்ன நிறம் என்று மாதக்கணக்கில் படித்தேனே தவிர, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற சோக்கைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் என் பணத்தையும் தூக்கத்தையும் அதிகம் தின்றது அந்தச் சோக்குதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சோக் எதற்கு என்பது. குண்டு பல்பை நேரடியாகக் கரண்டில் மாட்டலாம், அதன் இழை தானே கரண்டை அளவாக எடுத்துக்கொள்ளும். டியூப் லைட்டும் சோடியம் லைட்டும் அப்படி இல்லை. அவற்றுக்குள் எரிவது வாயு. ஒருமுறை பற்றிக்கொண்டால், கரண்ட் கூடக் கூட வாயுவின் எதிர்ப்பு குறையும், எதிர்ப்பு குறையக் குறைய இன்னும் கரண்ட் பாயும். யாரும் பிடித்து நிறுத்தாவிட்டால் சில நொடியில் விளக்கு வெடித்துவிடும், இல்லை ஃபியூஸ் போய்விடும். அந்தப் பிடித்து நிறுத்துகிற வேலையைத்தான் சோக் செய்கிறது.

அதை இரண்டு விதமாகச் செய்யலாம். பழைய முறை, இரும்புத் தகடுகளை அடுக்கி அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றுவது. நம் ஊரில் காப்பர் சோக் என்பார்கள். கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும். நம் கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்த் திரும்புவதால் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்ந்து உம்மென்று இரைச்சல் வரும். புதிய முறை எலக்ட்ரானிக் சோக், பெரிய விளக்குக்கு வருவதை டிஜிட்டல் பேலஸ்ட் என்று விற்கிறார்கள். உள்ளே வரும் கரண்டை நேர் மின்சாரமாக மாற்றி, அதை மறுபடி நொடிக்குப் பல ஆயிரம் முறை, டியூப்களில் பெரும்பாலும் 20,000 முறைக்கு மேல், திசை மாறும்படி வெட்டி விளக்குக்கு அனுப்பும். இரைச்சல் கிடையாது, கனம் கிடையாது, விளக்கு சிமிட்டுவதும் கண்ணுக்குத் தெரியாது.

எது வாங்குவது என்று கேட்டால் கடைக்காரர் புதியதைத்தான் காட்டுவார். நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிய எனக்கு ஒரு கோடைக்காலமும் ஒரு புயலும் தேவைப்பட்டன.

கோடையை முதலில் சொல்கிறேன். திண்டிவனம் பக்கம் மூடிவிட்ட ஒரு திசு வளர்ப்புக் கூடத்திலிருந்து ஐந்து அடுக்கு ராக்குகளை டியூப்களோடு வாங்கி வந்தேன். மொத்தம் 40 டியூப், ஒவ்வொன்றும் 36 வாட், எல்லாவற்றுக்கும் காப்பர் சோக், அதுவும் ராக்கிலேயே தட்டுக்குக் கீழே திருகி வைத்திருந்தது. தினமும் 16 மணி நேரம் எரிய வேண்டும். சித்திரையில் வந்த கரண்ட் பில்லைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

ஒரு டியூப்பை மட்டும் தனியாக மாட்டி வாட் மீட்டரில் அளந்தேன். 36 வாட் டியூப், 46 வாட் இழுத்தது. மீதி 10 வாட்டும் சோக்கிலேயே சூடாகப் போகிறது. கை வைத்தால் சுடும். ஒரு சோக்குக்கு 10 வாட் பெரிதில்லைதான். 40 சோக்குக்கு 400 வாட். குளிர்ந்த நாட்டில் பசுமைக்குடில் வைத்திருப்பவனுக்கு அந்தச் சூடு வீணில்லை, அவன் எப்படியும் அறையைச் சூடாக்கத்தானே போகிறான். நமக்கு அது இரட்டைச் செலவு. சோக்கைச் சூடாக்கவும் காசு கொடுக்கிறோம், அந்தச் சூட்டை ஏசி வைத்து வெளியே தள்ளவும் காசு கொடுக்கிறோம். வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அப்படியே இங்கே செய்தால் அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.

பாதி ராக்குகளுக்கு எலக்ட்ரானிக் சோக் மாற்றிப் பார்த்தேன். அதே டியூப், இப்போது சோக்கோடு சேர்த்தே 36 வாட்டுக்குள் நின்றது. வெளிச்சம் குறையவில்லை. காரணம், அவ்வளவு வேகமாகத் திசை மாறும் கரண்டில் டியூப்புக்குள் இருக்கிற வாயு அணைந்து அணைந்து பற்ற வேண்டியதில்லை, அதனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்த மின்சாரத்திலேயே அதே வெளிச்சத்தைக் கொடுத்துவிடுகிறது. டியூப்புக்கு 10 வாட் மிச்சம். 40 டியூப்புக்கு 400 வாட், அந்தச் சூட்டை இறைக்க ஏசி எடுத்துக்கொண்டிருந்த கிட்டத்தட்ட 130 வாட்டும் மிச்சம். 16 மணி நேரம் என்றால் நாளுக்கு எட்டரை யூனிட், மாதத்துக்கு 250 யூனிட்டுக்கு மேல். அடுத்த வாரமே மீதி ராக்குகளையும் மாற்றிவிட்டேன்.

ஆகவே டியூப் ராக்கைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு யோசனை இல்லை. எலக்ட்ரானிக் சோக்தான். மெல்லிய டி5 டியூப்பாக இருந்தால் கேள்வியே எழாது, 28 வாட் டி5 எலக்ட்ரானிக் சோக்குக்கென்றே செய்யப்பட்டது. இன்னொரு விஷயம், பழைய தடித்த டி8 டியூப் சுற்றுவெப்பம் 25 டிகிரியில் உச்ச வெளிச்சம் தரும், டி5 தருவது 35 டிகிரியில். அடைத்த தட்டுக்கடியில் நம் ஊர்ச் சூட்டில் எரியும்போது இது சின்ன வித்தியாசம் இல்லை.

சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் 2023இல் சோடியம் லைட்டுக்குப் போனேன். நாற்று வரைக்கும் டியூப் போதும், நன்றாக விரிகிற பருவத்தில் கொஞ்சம் கனமான வெளிச்சம் வேண்டும் என்று 400 வாட் விளக்கு இரண்டு. தெருவிளக்கில் மஞ்சளாக எரிந்ததே அதேதான். டியூப்பில் கற்ற பாடத்தை அப்படியே இங்கேயும் வைத்து, இணையத்தில் டிஜிட்டல் பேலஸ்ட் இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து, அதே வேலையைச் செய்கிற காப்பர் சோக் செட்டைவிடப் பல மடங்கு விலை.

அவற்றில் எனக்குப் பிடித்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் விளக்கை மாலை 6 மணிக்குப் போட்டு மறுநாள் காலை 10 மணிக்கு அணைக்கிறேன், பகல் வெயிலில் ஏசி இரட்டைப் பாடு படக்கூடாது என்பதற்காக. எங்கள் தெருவில் மாலை ஏழு, எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் எல்லாம் ஓடும்போது 205 வோல்ட்தான் வரும், நள்ளிரவுக்கு மேல் 245க்கு ஏறும். காப்பர் சோக் இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விளக்குக்குக் கடத்திவிடும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட அதிகமாகக் குறையும், ஏறினால் விளக்கின் ஆயுள் போகும். டிஜிட்டலுக்கு 205ஓ 245ஓ ஒன்றுதான், விளக்குக்குப் போவது மாறாது. நாற்று நட்ட முதல் சில நாள் 50 சதவீதத்தில் வைத்துப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அறையில் சத்தமே இல்லை. ஒரு குறை, அதிக வேகக் கரண்ட் வயர்வழியாக வெளியே கசிந்து, பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்கிற மீடியம் வேவ் ரேடியோவில் ஒரே கரகரப்பு. அவர் மாடிக்கு ஏறி வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பேலஸ்டிலிருந்து விளக்குக்குப் போகும் வயரைக் குட்டையாக வெட்டி, இரும்புக் குழாய்க்குள் விட்டு, எர்த்தை ஒழுங்காகக் கொடுத்ததும் பெருமளவு குறைந்தது.

ஐப்பசி மழையில் முதல் பேலஸ்ட் செத்தது. திறந்து பார்த்தால் போர்டின் ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சை மாதிரி செம்புத் துரு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது, லெட்டூஸ் அறைக்குள் ஈரமும் இருக்கிறது, பேலஸ்டின் சின்ன ஃபேன் அந்த இரண்டையும் இழுத்து இழுத்து உள்ளே ஊதியிருக்கிறது. விற்றவர்களிடம் வாரன்டி கேட்டேன், ஈரத்தால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐசி மேல இருக்கிற நம்பரைச் சுரண்டி எடுத்திருக்காங்க சார், என்ன போடறதுன்னு தெரியாம நான் எதைப் போடுவேன்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்றுவரை வலிக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை யாரும் பழுது பார்க்கக்கூடாது என்று செய்தவனே முடிவு செய்து வைத்திருக்கிறான்.

அவசரத்துக்கு, முதலியார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு அண்ணன் கடையில் போய் நின்றேன். தெருவிளக்குக்குப் போடுகிற 400 வாட் சோக், விளக்கைப் பற்றவைக்கிற இக்னைட்டர், லைனிலிருந்து இழுக்கும் கரண்டைக் குறைக்கிற கண்டென்சர் மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். அதோடு அவர் சொன்ன ஒரு யோசனைதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. "இதை ஏன் தம்பி ஏசி ரூம்ல வைக்கிற? சோக்கைக் கீழ வை. இக்னைட்டரை மட்டும் லைட்டு பக்கத்துல வை."

யோசித்துப் பார்த்தால் எல்லாம் அதில் இருக்கிறது. 400 வாட் காப்பர் சோக்கில் சுமார் 40 வாட் சூடாகப் போகும். டிஜிட்டல் பேலஸ்டும் தன் பங்குக்கு 20, 25 வாட் சூடாகும். டியூப்பில் கிடைத்த மாதிரி, வேகக் கரண்டால் கூடுதல் வெளிச்சம் என்பது சோடியம் விளக்கில் அநேகமாக இல்லை. ஆக வித்தியாசம் விளக்குக்கு 15, 20 வாட்தான், மாதத்துக்குப் பத்து யூனிட்டுக்குள். டிஜிட்டல் பேலஸ்ட் விளக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும், வயர் நீண்டால் ரேடியோ கரகரப்பும் இழப்பும் கூடும். காப்பர் சோக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாடிப்படிக்குக் கீழே வைத்துப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வயர் இழுத்தால், அதன் சூடும் இரைச்சலும் அங்கேயே நின்றுவிடும், ஏசிக்குச் சுமை சுழியம். இக்னைட்டர் மட்டும் விளக்குக்கு ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அது விளக்கைப் பற்றவைக்கக் கொடுக்கும் 3,000 முதல் 5,000 வோல்ட் துடிப்பு நீண்ட வயரில் போகப்போக நீர்த்துவிடும். அதே காரணத்துக்காக அந்தக் கடைசித் துண்டு வயரும் ஹோல்டரும் சோடியம் விளக்குக்கென்றே வரும் வகையாக இருக்க வேண்டும், வீட்டு வயரை அங்கே போடாதீர்கள்.

கண்டென்சரை வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள், விளக்கு அது இல்லாமலும் எரியும் என்பதால். அது இல்லாவிட்டால் 400 வாட் விளக்கு லைனிலிருந்து நாலரை ஆம்பியர் இழுக்கும். 45 மைக்ரோஃபாரட் அளவில் ஒன்றைப் போட்டதும் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். வயர் சூடாகாது, எம்.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச் காரணமில்லாமல் விழாது. ஆனால் மெயினை அணைத்த பிறகும் கண்டென்சர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், கை வைக்குமுன் அதை இறக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். காப்பர் என்று எழுதி அலுமினியக் கம்பி சுற்றிய சோக்குகளும் கடையில் கலந்து கிடக்கின்றன. முனையில் எனாமலைக் கொஞ்சம் சுரண்டினால் செம்பு நிறமா வெள்ளையா என்று தெரிந்துவிடும். விளக்கின் வாட்டும் சோக்கின் வாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில சோக்குகளில் 220, 240 என்று இரண்டு முனை இருக்கும், உங்கள் தெருவில் எந்த நேரத்தில் என்ன வருகிறது என்று மல்டிமீட்டரில் நாலைந்து நாள் அளந்துவிட்டு முனையைத் தேர்ந்தெடுங்கள். நான் ஒரு ஸ்டெபிலைசரும் போட்டுக்கொண்டேன். அதன் விலையைச் சேர்த்தாலும் டிஜிட்டலைவிடக் குறைவுதான்.

இப்படியாக ஒரு விளக்கு காப்பரிலும், இன்னொன்று மிஞ்சியிருந்த டிஜிட்டலிலும் ஓராண்டு ஓடியது. பிறகு 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. 2011 டிசம்பர் 30 'தானே' புயலில் காற்று போட்ட ஆட்டத்தைப் பார்த்தவன் நான், ஆனால் வீட்டு வாசலில் இவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. மாலையிலேயே மெயினை இறக்கிவிட்டிருந்தேன். விடிந்து பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர், சோக் பெட்டி முழுக்க முங்கிக் கிடந்தது. மாடியில் டிஜிட்டல் பேலஸ்டில் ஒரு சொட்டு படவில்லை. அதுவாவது தப்பியதே என்று அன்றைக்கு நினைத்தேன்.

கரண்ட் இல்லாத நாட்களில் லெட்டூஸ் முழுவதும் வெளிறி வெந்துபோயிற்று. அதை அள்ளி மாட்டுக்குப் போட்ட நாளைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

கரண்ட் திரும்பி வந்த மாலை, ஃபேன் பேய் வேகத்தில் சுற்றியது, டியூப்கள் அளவுக்கு மீறி வெளுத்து எரிந்தன, நான் ஓடிப்போய் மெயினைப் பிடுங்குவதற்குள் மாடியில் டப்பென்று ஒரு சத்தம். எங்கேயோ நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருந்தது. நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைக்கும்கூட ஏறலாம். மின்னல் மாதிரி நொடிப்பொழுது எகிறலைத் தாங்க பேலஸ்டுக்குள் ஒரு தடுப்பு உண்டு, சில நொடிகள் தொடர்ந்து நீடிக்கிற ஏற்றத்தை அது தாங்காது. டிஜிட்டல் பேலஸ்ட் முடிந்தது. டியூப்களின் எலக்ட்ரானிக் சோக்குகளிலும் பதினொன்று போயின, ஆனால் அவை மலிவு, கழற்றிப்போட்டு வேறு மாட்ட ஒரு மத்தியானம் போதும்.

முங்கிய காப்பர் சோக்கை முதலியார்பேட்டை அண்ணனிடம் எடுத்துப் போனேன். சேற்றைக் கழுவி, வெயிலில் வைத்து, அப்புறம் ஒரு தகரப் பெட்டிக்குள் 200 வாட் குண்டு பல்பைப் போட்டு அதன் சூட்டில் இரண்டு நாள் காய வைத்தார். மெக்கர் என்கிற மீட்டரை வைத்து இன்சுலேஷன் பார்த்தார், வார்னிஷில் முக்கி எடுத்தார். "இதுல கெட்டுப் போறதுக்கு என்ன தம்பி இருக்கு, கம்பியும் தகடும்தானே" என்றார். கண்டென்சர் மட்டும் புதிது போட்டோம். இன்றைக்கு மாலையும் அந்தச் சோக்தான் எரியவைக்கும்.

எல்.ஈ.டி. போட்டுவிட்டால் இந்தப் பேச்சே இல்லையே என்பீர்கள். உண்மைதான், ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் நல்ல எல்.ஈ.டி. இவை எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. டியூப்களுக்கும் காலம் நெருங்கிவிட்டது, பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் 2023இல் எடுத்த முடிவின்படி பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் டியூப் உற்பத்தி 2027 முடிவுக்குள் நிற்க வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர் எல்.ஈ.டி.யிலேயே ஆரம்பியுங்கள். ஆனால் அதற்குப் பின்னாலும் சோக்கின் வேலையைச் செய்கிற டிரைவர் என்று ஒன்று உண்டு, அதுவும் கண்டென்சரும் ஐசியும் உள்ள ஒரு போர்டுதான். அதற்குள் இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். பலகையோடு ஒட்டி வருவதை விட்டுவிட்டு, டிரைவரைத் தனியாகக் கழற்றக்கூடிய, ரெசின் ஊற்றி அடைத்த வகையாகக் கேளுங்கள்.

என் முதல் ராக்குக்கு அப்படி ஒன்று வாங்கியாயிற்று. டிரைவர்களை அறைக்கு வெளியே, வராந்தாச் சுவரில் நிழலான பக்கம் மாட்டப் பலகை அடித்திருக்கிறேன். மெயினில் ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்றும் போட்டாயிற்று, 270ஐத் தாண்டினால் லைனைத் துண்டித்துவிடும். காப்பர் சோக் பெட்டி மாடிப்படிக்குக் கீழேயேதான் இருக்கிறது. சுவரில் ஃபெஞ்சல் தண்ணீர் விட்டுப்போன பழுப்புக் கோடு இன்னும் அழியவில்லை, அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே துளை போட்டு மாட்டியிருக்கிறேன்.